புது வீல் கட்டியாச்சு, ஓட்டினா 'டிங் டிங்' சத்தம்: முதல் 500 கிலோமீட்டரில் என்ன பார்க்கணும்?

வேளச்சேரி_வளையம்:

வணக்கம். என் ஹைபிரிட் சைக்கிளுக்குப் புதுசா ஒரு ஜோடி வீல் கட்டி வாங்கியிருக்கேன். விவரம் இதுதான்: 700சி டபுள் வால் அலுமினிய ரிம், முன்னாடி 32 கம்பி, பின்னாடி 36. எல்லாம் 14 கேஜ் (கம்பித் தடிமன்) ஸ்டெயின்லெஸ், மூணு கிராஸ் (ஒவ்வொரு கம்பியும் மூணு கம்பியைக் குறுக்கே தாண்டும்), பித்தளை நிப்பிள் (கம்பி நுனியை ரிம்மோட பிடிக்கிற மரை நட்டு). ரிம் பிரேக் (வி பிரேக்). பின் ஹப் 135 மி.மீ., 9 ஸ்பீடு கேசட் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு), கோண் பேரிங் (குண்டுகளை அச்சிலிருக்கிற கூம்பு நட்டு தாங்குற வகை), குவிக் ரிலீஸ் (லீவரால் வீலைக் கழற்றுற அச்சு). டயர் 700x32. என் எடை 82 கிலோ, பின் கேரியரில் தினமும் ஒரு பை இருக்கும்.

ஏறி மிதிச்ச உடனே பின்வீலில் 'டிங்... டிங்'னு கம்பி சத்தம். கொஞ்ச தூரத்தில் நின்னுடுச்சு. ஆனா இப்ப பின்வீல் ஒரு இடத்தில் இடப்பக்கம் ஆடுது, பிரேக் ரப்பரை வச்சுப் பார்த்தா 1 மி.மீ. இருக்கும். "கம்பி செட் ஆகணும், 100 கிலோமீட்டர் ஓட்டிட்டுக் கொண்டு வாங்க, கோட்டம் எடுத்துத் தரேன்"னு கடையில் சொல்றாங்க.

சத்தம் வந்தது சாதாரணம்தானா? 'செட் ஆகுறது'ன்னா உள்ளே உண்மையில் என்ன நடக்குது? கோட்டத்தை நானே எடுக்கலாமா? கம்பி போக ஹப், டயர், பிரேக் இதிலெல்லாம் புது வீலுக்குன்னு தனியா ஏதாவது பார்க்கணுமா?

கம்பிச்சுருதி:

சத்தம் சாதாரணம்தான். ஆனால் நல்லாக் கட்டின வீலில் அது வராது, வந்தாலும் ஒன்றிரண்டோடு நிற்கும். காரணத்தைச் சொல்கிறேன்.

நிப்பிளைத் திருப்பும்போது மரையில் உராய்வு இருக்கிறது. இழுவை (கம்பியின் விறைப்பு) ஏற ஏற அந்த உராய்வும் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் நிப்பிள் கால் சுற்று திரும்பினால் அதில் ஒரு பங்கு மரையில் ஏறாமல், கம்பியையே சேர்த்து முறுக்கிவிடும். கட்டுகிறவர் அதை அவிழ்க்காமல் விட்டால் கம்பி முறுக்கோடு ரிம்மில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும், தரையைத் தொடும் இடத்தில் இருக்கும் சில கம்பிகளுக்கு இழுவை ஒரு கணம் குறைகிறது. உராய்வும் குறைகிறது. முறுக்கு சட்டென்று அவிழ்கிறது. அதுதான் 'டிங்'. அவிழும்போது அந்தக் கம்பிகளின் பிடிப்பு கொஞ்சம் மாறும். உங்கள் 1 மி.மீ. ஆட்டம் பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டாவது விஷயம் கம்பியின் முழங்கை, அதாவது ஹப் ஓட்டைக்குள் வளைந்து நுழையும் இடம். புதுக் கம்பியின் வளைவு ஓட்டையின் விளிம்பில் முழுசாகப் படியாமல் சற்றுத் தூக்கி நிற்கும். ரிம் பக்கத்திலும், நிப்பிளில் இருந்து வெளியே வரும் இடத்தில் கம்பி நேராக இல்லாமல் லேசான வில்லாக இருக்கும். ஓட ஓட இவை படியும்போது இழுவை தளரும். 'செட் ஆகுது' என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான். ஆனால் இதற்கு 100 கிலோமீட்டர் ஓட்டத் தேவையே இல்லை. கட்டும் மேசையிலேயே கையால் செய்து முடிக்க வேண்டிய வேலை இது.

இப்போதும் நீங்களே செய்யலாம். தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வீலின் ஒரே பக்கத்தில் ஏறக்குறைய இணையாகப் போகும் இரண்டு கம்பிகளை நடுவில் சேர்த்துப் பிடித்து, உள்ளங்கை வலிக்கும் அளவு அழுத்துங்கள். எதிர்ப்பக்கத்திலும் இன்னொரு ஜோடியை மற்றக் கையால் ஒரே நேரத்தில் அழுத்தலாம். சுற்றி வந்து எல்லா ஜோடிக்கும் இதைச் செய்யுங்கள். அடுத்து, ஹப்பை ஒட்டிக் கம்பி ஓட்டையில் இருந்து வெளியேறும் இடத்தில் கட்டைவிரலால் ஃபிளாஞ்சோடு (ஹப்பில் கம்பி ஓட்டைகள் உள்ள வட்ட விளிம்பு) சேர அமுக்குங்கள். முழங்கை தூக்கி நிற்கும் கம்பி கண்ணுக்கே தெரியும். சுத்தியல் வேண்டாம்.

இந்த அழுத்தத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. தொழிற்சாலையில் வளைக்கும்போது முழங்கையில் தங்கிவிட்ட உள் தகைவு, இழுவையை ஒரு கணம் மிகையாக ஏற்றி இறக்கும்போது பெருமளவு போய்விடும். கம்பி முழங்கையில் ஒடிவது உலோகக் களைப்பால்தான். 700x32 டயரின் சுற்றளவு சுமார் 2.15 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு வீல் 465 சுற்று, 1000 கிலோமீட்டருக்கு நாலரை லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து இறுகுகிறது. உள் தகைவு மிச்சமிருக்கும் கம்பி இந்தக் கணக்கில் சீக்கிரம் ஒடியும். பிடிப்புக் குறைவான கம்பி அதைவிடச் சீக்கிரம் ஒடியும், ஏனென்றால் அடியில் வரும்போது அது முழுக்கத் தொய்ந்து, முழங்கை ஓட்டைக்குள் ஆட ஆரம்பித்துவிடும். "ரொம்ப டைட் வச்சதால கம்பி ஒடிஞ்சது" என்று பலர் சொல்வது பெரும்பாலும் தலைகீழ். அதிக இழுவையால் அடிபடுவது கம்பி இல்லை, ரிம். நிப்பிள் ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும்.

அழுத்தி முடித்த பிறகு வீலைச் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் கொஞ்சம் கூடியிருக்கலாம். பயப்பட வேண்டாம், ஒளிந்திருந்தது வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். கோட்டத்தை அப்போதுதான் எடுக்க வேண்டும், அதற்கு முன்பு அல்ல.

சக்கரத்தார்:

அண்ணே, ஏன் இவ்வளவு? புது வீல் எதுவா இருந்தாலும் எல்லாக் கம்பியையும் அரைச் சுத்து டைட் வச்சு விட்டா முடிஞ்சுது. எங்க ஏரியா கடையில எல்லாம் அப்படித்தான் செய்றாங்க, வீலு நிக்குது.

கம்பிச்சுருதி:

அப்படிச் செய்யாதீர்கள். 14 கேஜ் கம்பிக்கு மரை அங்குலத்துக்கு 56. நிப்பிள் ஒரு முழுச் சுற்று திரும்பினால் 0.45 மி.மீ. இழுக்கும். கேட்கச் சிறியதாக இருந்தாலும் 36 கம்பியும் சேர்ந்து அரைச் சுற்று இழுத்தால் அது பெரிய ஏற்றம். ஏற்கெனவே சரியான இழுவையில் இருக்கும் வீல் அதனால் அளவைத் தாண்டும். தாண்டியதற்கு அடையாளம் உண்டு: ஜோடி ஜோடியாக அழுத்தியதும் ரிம் ஒரே இடத்தில் ஆடாமல், சுற்று முழுவதும் இரண்டு பெரிய அலையாக இடமும் வலமும் போகும். அப்படி ஆனால் எல்லா நிப்பிளையும் அரைச் சுற்று தளர்த்திவிட்டுத்தான் கோட்டம் எடுக்க வேண்டும். தளர்ந்த வீலுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். தளர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் செய்வதுதான் தப்பு.

வேளச்சேரி_வளையம்:

அதையே கேட்கணும்னு இருந்தேன். டென்ஷன் மீட்டர் (கம்பி இழுவையை அளக்கிற கருவி) இல்லாம சரியா இருக்கா, தளர்ந்திருக்கான்னு எப்படிப் பார்க்கிறது? பின்வீலில் கம்பியை மீட்டினா வலப்பக்கம் ஒரு சத்தம், இடப்பக்கம் வேற சத்தம். இடப்பக்கம் தளர்வா இருக்கிற மாதிரி தெரியுது. டைட் பண்ணணுமா?

கம்பிச்சுருதி:

வேண்டாம். பின்வீலில் அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

கேசட்டுக்கு இடம் விட, வலப்பக்க ஃபிளாஞ்சை ஹப்பின் நடுவை நோக்கித் தள்ளி வைத்திருப்பார்கள். ரிம்மோ இரண்டு ஃபோர்க் கால்களுக்கும் நட்டநடுவே நிற்க வேண்டும். அதனால் வலப்பக்கக் கம்பி செங்குத்தாகவும் இடப்பக்கக் கம்பி சாய்வாகவும் இருக்கும். பக்கவாட்டு இழுப்பு சமமாக இருக்க வேண்டும் என்றால், செங்குத்தாக நிற்கும் கம்பி அதிகமாக இழுத்தே ஆக வேண்டும். வலப்பக்கம் 110 முதல் 120 கிலோ விசை, இடப்பக்கம் அதில் பாதிக்குச் சற்று மேலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. இடப்பக்கத்தை மட்டும் டைட் வைத்தால் ரிம் முழுசாக இடப்பக்கம் நகரும். ரிம் பிரேக் வைத்த முன்வீலில் இந்தப் பேதம் கிடையாது, இரண்டு பக்கமும் 90 முதல் 110 வரை போதும். டிஸ்க் இருந்தால் முன்வீலிலும் டிஸ்க் பக்கம் கூடும். ரிம் கம்பெனி உச்ச அளவு என்று ஏதாவது கொடுத்திருந்தால் அதுதான் கடைசி வார்த்தை.

இனி காது. ஒரே நீளம், ஒரே கேஜ் உள்ள கம்பிகளில் சுருதி ஏறுவது இழுவையின் வர்க்கமூலப்படி. இழுவை 10 சதவீதம் குறைந்தால் சுருதி 5 சதவீதம் இறங்கும், அதாவது ஒரு சுரஸ்தானத்துக்குச் சற்றுக் குறைவு. பாட்டுக் கேட்டுப் பழகிய எந்தக் காதுக்கும் இது தெரியும். ஆகவே மீட்டர் இல்லாமலேயே ஒரு பக்கத்துக் கம்பிகள் தங்களுக்குள் சமமா என்று பார்த்துவிடலாம். டயரும் டியூபும் கழற்றியிருந்தால் நல்லது, ஏனென்றால் காற்று அடித்த டயர் ரிம்மை உள்நோக்கி இறுக்கி எல்லாக் கம்பியையும் கொஞ்சம் தளர்த்திவிடும். கம்பிகள் குறுக்கே உரசும் இடத்துக்கும் ரிம்முக்கும் நடுவே, எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் நகத்தால் மீட்டுங்கள். வலப்பக்கம் ஒரு சுற்று, இடப்பக்கம் ஒரு சுற்று. இரண்டையும் கலக்காதீர்கள். சராசரியைவிடச் சட்டென்று இறங்கி ஒலிக்கும் கம்பியில் ஒரு துண்டு டேப் ஒட்டி வையுங்கள்.

இரண்டு பக்கத்தையும் ஒப்பிட விரும்பினால் ஒரு வழி இருக்கிறது. இடப்பக்கத்தை ஷட்ஜம் என்று வைத்துக்கொண்டால் வலப்பக்கம் சுத்த மத்யமத்தில் நின்றால் இடப்பக்க இழுவை வலத்தில் 56 சதவீதம். காந்தாரத்தில் நின்றால் 65 முதல் 70 சதவீதம். பஞ்சமத்துக்கே போய்விட்டால் இடப்பக்கம் 44 சதவீதம்தான், 135 மி.மீ. ஹப்புக்கு அது ரொம்பக் குறைவு, ரிம் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இரு பக்கமும் ஒரே தடிமன் கம்பியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். சுருதி சமமா என்பதைக் காது சொல்லும், மொத்த இழுவை எத்தனை கிலோ என்பதை மீட்டர்தான் சொல்லும். ஒருமுறை நல்ல கடையில் மீட்டர் வைத்துப் பார்த்து, அன்று கேட்கும் சுருதியை ஃபோனில் உள்ள ட்யூனர் ஆப்பில் குறித்துக்கொண்டால் பிறகு வீட்டிலேயே ஒப்பிடலாம்.

கோட்டம் எடுக்கும் முறை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். பின்ஃபோர்க்கில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை கட்டி, நுனி ரிம்மைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வெட்டுங்கள். பிரேக் ரப்பரை விட இது துல்லியம். மெல்லச் சுற்றி, ரிம் உரசும் இடத்தின் தொடக்கத்தையும் முடிவையும் சாக்பீஸால் குறியுங்கள். ரிம் இடப்பக்கம் வருகிறது என்றால், அந்தப் பகுதியின் நடுவில் வலப்பக்க ஹப்புக்குப் போகும் கம்பியை இறுக்க வேண்டும், இடப்பக்கக் கம்பியைத் தளர்த்த வேண்டும். எதைத் திருப்புவது என்பதை டேப் ஒட்டிய கம்பி முடிவு செய்யட்டும்: அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு வலக்கம்பி இறங்கி ஒலித்தால் அதை இறுக்குவதே மருந்து. சமமாக ஒலித்தால் பின்வீலில் இடப்பக்கக் கம்பியில் கை வையுங்கள், சாய்வு அதிகம் என்பதால் சிறு திருப்பத்திலேயே பக்கவாட்டு ஆட்டம் சரியாகும். ரிம் மேலும் கீழும் துள்ளினால் அதற்கு வலப்பக்கக் கம்பிதான் பலமானது.

ஒரு தடவைக்குக் கால் சுற்று, ஓரத்தில் இருக்கும் கம்பிக்கு எட்டில் ஒரு சுற்று. டயர் பக்கத்தில் இருந்து நிப்பிள் தலையைப் பார்த்தால் கடிகாரத் திசையில் இறுகும். ஹப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதே திருப்பம் எதிர்த்திசையாகத் தெரியும். புதிதாகச் செய்பவர்கள் பாதிப் பேர் குழம்புவது இங்கேதான். திருப்பியதும் கம்பி முறுக்கிக்கொள்ளும், ஆகவே வேண்டியதைவிட எட்டில் ஒரு சுற்று தாண்டித் திருப்பி, அதே எட்டில் ஒரு சுற்றைத் திரும்பக் கொண்டு வாருங்கள். கம்பியில் ஒட்டிய டேப் கொடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் முறுக்கு அதில் தெரியும். பழைய இடத்துக்கு அது திரும்பிவிட்டால் முறுக்கு இல்லை.

பக்கவாட்டில் 0.5 மி.மீ.க்குள் வந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கும் கீழே துரத்திப் போனால் சுருதி சமம் கெடும். பார்வைக்கு நூல் பிடித்த மாதிரி ஓடி, கம்பி ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருக்கும் வீலைவிட, அரை மில்லி ஆடிக்கொண்டு சுருதி சேர்ந்த வீல் நீண்டநாள் நிற்கும்.

ஸ்போக் கீ (நிப்பிளைத் திருப்பும் சாவி) விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வட்டமாக எட்டுப் பத்து அளவு வெட்டின கீ நிப்பிளின் மூலையை மழுக்கிவிடும். நிப்பிள் எந்த அளவு என்று பார்த்து (3.23, 3.30, 3.45 மி.மீ. ஆகியவைதான் அதிகம் புழங்குவது) அதற்கென்று உள்ள ஒற்றைக் கீயே வாங்குங்கள்.

தஞ்சை_ரோட்ஸ்டர்:

மேல சொன்னது எல்லாம் சரி. பழைய மாடல் 28 இஞ்சு வண்டி வச்சிருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கிறேன்.

அந்த வண்டிக்கு முன்னாடி 32 கம்பி, பின்னாடி 40. ரிம் 28 x 1½, ஒற்றைச் சுவர் இரும்பு. டபுள் வால் ரிம்முல நிப்பிள் உள்ளே மறைஞ்சிருக்கும், இதுல டியூபுக்கு நேரா மூஞ்சி காட்டிக்கிட்டு நிக்கும். புது வீல் கட்டினதும் டயர் மாட்டுறதுக்கு முன்னாடி ரிம் உள்பக்கம் விரலால தடவிப் பாருங்க. கம்பி நுனி நிப்பிள் தலையைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருந்தா அரம் போட்டுத் தேய்ச்சு மட்டம் பண்ணணும். அதை விட்டுட்டு ரிம் டேப்பை மட்டும் போட்டா ஒரு வாரத்துல பஞ்சர். பஞ்சர் டியூபோட உள்பக்கம், அதாவது ஹப்பைப் பார்த்த பக்கம் இருந்தா காரணம் இதுதான், ரோட்டு முள்ளு இல்ல. கோட்டம் எடுக்க இறுக்குனீங்கன்னா நுனி இன்னும் நீளும், அதையும் மறக்க வேண்டாம்.

ராட் பிரேக் வண்டியில பிரேக் கட்டை ரிம்மோட பக்கத்தைப் பிடிக்கிறதில்ல, ஹப்பைப் பார்த்த உள்பக்கத்தைப் பிடிக்குது. அதனால பக்க ஆட்டம் 1 மி.மீ. இருந்தாலும் பிரேக்குக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா ரிம் மேலும் கீழும் துள்ளினா ஒவ்வொரு சுத்துக்கும் 'தட் தட்'னு பிடிக்கும். இந்த வண்டிக்கு முதல்ல துள்ளலை எடுங்க, ஆட்டத்தை அப்புறம் பார்க்கலாம்.

ஹப் நடுவுல எண்ணெய் ஓட்டை இருந்தா, கிளிப்பைத் தள்ளி மாசத்துக்கு நாலு சொட்டு மெஷின் ஆயில் விடுங்க. தேங்காய் எண்ணெய் வேண்டாம், காஞ்சு பிசினாகிப் போகும்.

புது ஃப்ரீவீல் (ஹப் மேல மரையில ஏறுற பின் பல்சக்கரம்) ஏத்தும்போது ஹப் மரையில கிரீஸ் தடவாம ஏத்தக்கூடாது. மிதிக்க மிதிக்க அது இறுகிக்கிட்டே போகும், கிரீஸ் இல்லேன்னா பின்னாடி கழட்டுறதுக்குள்ள உயிர் போயிடும். முதல் நாலு சுத்து கையாலயே ஏறணும். ஏறலைன்னா மரை கோணலாப் பிடிச்சிருக்கு, கழட்டித் திரும்பப் போடுங்க.

யாழ்_மிதி:

கடற்கரைப் பக்கம் ஓடுற ஆக்களுக்கு ஒரு விசயம். உப்புக் காத்து முதல்ல பிடிக்கிறது நிப்பிளைத்தான். பித்தளை நிப்பிள் தாக்குப் பிடிக்கும். அலுமினிய நிப்பிள் எண்டால் உள்ளுக்குள்ள பொருமி, திருப்பேக்க தலை கழண்டு வரும். கேள்வி கேட்டவர் பித்தளை போட்டது நல்லது.

புது வீல் வந்த கையோட ஒவ்வொரு நிப்பிளுக்கும் கம்பி உள்ளுக்குப் போற இடத்தில ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், ரிம்மில நிப்பிள் இருக்கிற இடத்தில ஒரு சொட்டு விட்டு வையுங்கோ. பிறேக் பிடிக்கிற இடத்தில பட்டால் ஸ்பிரிட்டால துடையுங்கோ. மழையில ஓடினால் நல்ல தண்ணியால கழுவினால் காணும், ஆனால் ஹப்புக்கு நேரே பைப்பால அடிக்க வேண்டாம், கிறீஸ் கரைஞ்சு போகும். ரயர் மாத்தேக்க ரிம் ரேப்பையும் கழட்டி உள்ளுக்குப் பாருங்கோ. இரும்பு ரிம் எண்டால் கறள் அங்கதான் தொடங்கும், வெளியால தெரியாது.

இறுகிப்போன நிப்பிளை ஒரேயடியாத் திருப்பாதேங்கோ. எண்ணெய் விட்டு ஒரு இரவு விட்டிட்டு, முதல்ல இளக்கிற பக்கமா மெல்ல ஒரு சின்னத் திருப்பம், பிறகு இறுக்கிற பக்கம்.

ஹப்_கோண்:

கம்பியைப் பற்றி நிறைய வந்துவிட்டது, ஹப்பை யாரும் தொடவில்லை. கோண் பேரிங் ஹப் புதிதாக வரும்போது பெரும்பாலும் இறுக்கமாகத்தான் வரும். வீலைக் கழற்றி, அச்சின் இரண்டு முனைகளையும் விரலால் பிடித்துச் சுற்றுங்கள். மணல் மாதிரி நரநரவென்று இருந்தால் கோண் இறுக்கம். அப்படியே ஓட்டினால் கோணில் குழி விழும். குழி விழுந்த பிறகு எந்தக் கிரீஸும் உதவாது, கோணையே மாற்ற வேண்டும்.

சரிசெய்ய மெல்லிய கோண் ஸ்பேனர் வேண்டும். அதிகமாக முன்னுக்கு 13 மி.மீ., பின்னுக்கு 15, லாக்நட்டுக்கு 17. பின்ஹப்பில் கேசட் இல்லாத இடப்பக்கத்தில்தான் வேலை. கோணை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, லாக்நட்டைத் தளர்த்தி, கோணைக் கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி லாக்நட்டை இறுக்க வேண்டும். லாக்நட் இறுகும்போது கோணையும் கொஞ்சம் தள்ளும், அதைக் கணக்கில் வையுங்கள். குவிக் ரிலீஸ் அச்சில் ஒரு நுணுக்கம்: லீவரை மூடும்போது அச்சு லேசாக அமுங்கி பேரிங் இன்னும் இறுகும். ஆகவே கையில் பிடித்துப் பார்க்கும்போது மிகச் சிறிய ஆட்டம் இருக்க வேண்டும், சைக்கிளில் மாட்டி லீவரை மூடியதும் அது மறைய வேண்டும். நட்டு போட்ட அச்சில் ஆட்டமே இருக்கக் கூடாது.

முன்வீலை மாட்டித் தூக்கிப் பிடித்து, வால்வு பக்கவாட்டில் இருக்கும்படி நிறுத்திக் கையை எடுங்கள். வால்வின் எடைக்கே வீல் மெல்லத் திரும்பி அது கீழே வந்து, முன்னும் பின்னும் ஆடி நிற்க வேண்டும். சுற்றாமல் அங்கேயே நின்றால் இறுக்கம் (ரப்பர் சீல் உள்ள புது ஹப் கொஞ்சம் சோம்பலாகத் திரும்பும், அது சரி). ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் 'டொக்' என்றால் தளர்வு. குண்டு மாற்ற நேர்ந்தால் வழக்கமான அளவு முன்னுக்கு ஒரு பக்கத்துக்குப் பத்து, 3/16 இஞ்சு. பின்னுக்கு ஒன்பது, 1/4 இஞ்சு. ஒன்றை மட்டும் மாற்றாமல் செட்டாகவே மாற்றுங்கள்.

குவிக் ரிலீஸ் லீவர் பாதி வழியில், அச்சுக்கு நேராக நீட்டி நிற்கும்போதே எதிர்ப்புக் காட்டத் தொடங்க வேண்டும், முழுசாக மூடும்போது உள்ளங்கையில் லீவரின் தடம் பதிய வேண்டும். கேசட்டை ஹப்போடு பூட்டும் லாக்ரிங்கின் இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர். முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இரண்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

டயர்: பாதிக் காற்று அடித்ததும் நிறுத்தி, ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டை இரு பக்கமும் சுற்றிப் பாருங்கள். எங்காவது கோடு ரிம்முக்குள் மூழ்கினாலோ மேலே ஏறினாலோ காற்றை இறக்கி, கையால் பிசைந்து சரிசெய்த பிறகு முழுசாக அடியுங்கள். இதைச் செய்யாமல் "வீல் துள்ளுது" என்று கம்பியைத் திருகுபவர்கள் உண்டு. 82 கிலோவுக்கும் பைக்கும் 32 மி.மீ. டயரில் பின்னுக்கு 65-75 பிஎஸ்ஐ, முன்னுக்கு 55-60 போதும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்சத்தைத் தாண்ட வேண்டாம்.

புது அலுமினிய ரிம்மின் பிரேக் தடத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு ஓட்டுங்கள். பழைய பிரேக் ரப்பரில் அலுமினியத் துகள் பதிந்திருந்தால் ஊசியால் நோண்டி எடுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே புது ரிம்மில் கோடு விழும். டிஸ்க் வைத்திருப்பவர்கள் புது ரோட்டரை (ஹப்பில் உள்ள பிரேக் தட்டு) பழக்க வேண்டும்: சுமார் 20-25 கி.மீ. வேகத்தில் இருந்து நடை வேகம் வரை உறுதியாகப் பிடித்து, முழுசாக நிறுத்தாமல் விடுங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது தடவை போல. பூட்டி நிறுத்தினால் பேட் பொருள் ஒரே இடத்தில் ஒட்டி, பிறகு துடிக்கும்.

வேளச்சேரி_வளையம்:

எல்லாருக்கும் நன்றி. ஜோடி ஜோடியா அழுத்தினதும் இன்னும் இரண்டு மூணு 'டிங்' வந்தது. மீட்டிப் பார்த்ததில் ஆட்டம் இருந்த இடத்தில் ஒரு வலக்கம்பி தெளிவா இறங்கி ஒலிச்சது. அரைச் சுற்று, கால் கால் சுற்றா இறுக்கினதும் ஆட்டம் போயிடுச்சு. கடைசியா: இனி எப்ப எப்ப பார்க்கணும்? வழியில் கம்பி ஒடிஞ்சா என்ன செய்யணும்?

கம்பிச்சுருதி:

இப்போது ஒரு 100 கிலோமீட்டர் ஓட்டியதும் மீட்டிப் பாருங்கள். பிறகு 500-இல் ஒருமுறை. இரண்டிலும் மாறாமல் இருந்தால் ஸ்போக் கீயைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ 2000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ மீட்டுவது மட்டும் போதும். பெரிய பள்ளத்தில் விழுந்தால் அன்றே பாருங்கள். வாராவாரம் திருகுகிற வீல்தான் சீக்கிரம் கெடும்.

ஒரே கம்பி திரும்பத் திரும்பத் தளர்ந்தால் இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். அந்த நிப்பிள் ஓட்டையைச் சுற்றி ரிம்மில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் ரிம் முடிந்தது. விரிசல் இல்லை என்றால் ஒட்டுமொத்த இழுவையே குறைவு, இடப்பக்கத்தில்தான் இது அதிகம் வரும்.

வழியில் ஒடிந்தால்: ஒடிந்த துண்டைக் கழற்றுங்கள், முடியாவிட்டால் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடுங்கள், சங்கிலியிலோ கேசட்டிலோ சிக்கக் கூடாது. ரிம் எதிர்ப்பக்கம் ஓடியிருக்கும். ஒடிந்ததற்கு இருபுறமும் உள்ள இரண்டு எதிர்ப்பக்கக் கம்பிகளை அரைச் சுற்று தளர்த்தினால் உரசாமல் ஓடும். பிரேக் அப்போதும் உரசினால் அந்த வீலின் வி பிரேக்கைக் கழற்றிவிட்டு, மற்ற வீலின் பிரேக்கை நம்பி மெதுவாகப் போங்கள். பையை முதுகுக்கு மாற்றுங்கள். 36 கம்பி வீல் 35-இல் வீடு வந்து சேரும். பின்னுக்கு வலப்பக்கம் ஒடிந்தால் கேசட்டைக் கழற்றாமல் புதுக் கம்பி நுழையாது, அதை ரோட்டோரத்தில் முயல வேண்டாம்.

ஒன்று ஒடிந்தால் மாற்றிக்கொள்ளலாம். சில மாதங்களில் இரண்டாவது, மூன்றாவது என்று தொடர்ந்தால் மற்றவையும் அதே களைப்பில்தான் இருக்கின்றன, எல்லாக் கம்பியையும் மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். உங்கள் பின்வீலில் வலத்துக்கும் இடத்துக்கும் கம்பி நீளம் ஒன்றல்ல, ஒன்றிரண்டு மி.மீ. வேறுபடும். கட்டினவரிடம் மூன்று நீளங்களையும் (முன்வீலுக்கு ஒன்று, பின்வீலுக்கு இரண்டு) இப்போதே கேட்டு எழுதி வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பி, நிப்பிளோடு, பின்ஃபோர்க்கின் கீழ்க்காலில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.